சங்கவிக்கு ஒரு வழியனுப்பு விழா

ஏனுங்க, அந்தப் பேப்பரக் கொஞ்சம் மடிச்சு வெச்சுட்டு நாஞ் சொல்றதக் கேளுங்க. வெளையாட்டுப் பக்கந்தான படிக்கறீங்க? 'வெறுங்கையுடன் திரும்பியது இந்திய அணி.' இந்த வரிய அச்சுல கோத்து அப்படியே எடுத்து வெச்சிருப்பாங்க போல, வருசா வருசம் தேதிய மட்டும் மாத்திப் போடறது. நூத்தி நாப்பது கோடிப் பேரு இருக்கறோம், ஒரு மெடலுக்கு வழியில்ல. ஏன்னு கேட்டா ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. சோறு சரியில்லங்கறான் ஒருத்தன். நம்ம ஒடம்பு வாகு அப்படிங்கறான் இன்னொருத்தன். கிரிக்கெட்டு எல்லாத்தையும் தின்னுபோட்டுதுங்கறான் மூணாமத்தவன். ஒருத்தனாச்சும் உண்மையச் சொல்றானுங்களா? நாஞ் சொல்றேன். நன்றி இல்லீங்க. நம்ம வெளையாட்டுப் புள்ளைகளுக்கு நன்றி இல்ல. அவ்வளவுதான்.

சிரிக்காதீங்க. ரயில்ல பொழுது போகாம வாய்க்கு வந்ததப் பேசற ஆளுன்னு நெனச்சுராதீங்க. சென்னியப்பன்னு பேரு. எங்க மாவட்டத் தடகளச் சங்கத்துக்கு நாந்தான் செயலாளர், ரொம்ப வருசமா. தொழில் பந்தல் காண்ட்ராக்ட்டுங்க. கலியாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், எழவு, எதுன்னாலும் நம்ம பந்தல்தான். ஒருக்கா மாவட்டப் போட்டிக்குச் சாமியானாவும் மைக்செட்டும் இலவசமாப் போட்டுக் குடுத்தேன். தலைவரு மேடையிலயே சொல்லிட்டாரு, "நெழலு குடுத்தவர்தான் இனி நம்ம செயலாளர்"னு. தலைவருன்னா அர்த்தநாரி அய்யா, நூல் மில்லு வெச்சிருக்கறவரு. அன்னிலிருந்து சங்கத்துக்கு மாடா ஒழைக்கறேன். எனக்கு ஓடவெல்லாம் தெரியாதுங்க. பஸ்ஸு நகுந்துருச்சுன்னாக் கூட ஓடிப் புடிக்க மாட்டேன், அடுத்த பஸ்ஸுல போவேன். ஆனா வெளையாட்ட நடத்தறதுக்கு ஓடத் தெரிஞ்சு என்னங்க ஆவப்போவுது? நிர்வாகமல்ல வேணும்!

இப்ப நாஞ் சொல்ல வந்தது சங்கவின்னு ஒரு புள்ளயப் பத்தி. கரும்பு லோடு ஏத்தற லாரி டிரைவரு மக. கம்பு ஊனித் தாண்டறது இருக்குதல்லங்க, போல் வால்ட்டு, அதுல அந்தப் புள்ளய அடிச்சுக்க இந்த மாநிலத்துல ஆளு கெடையாது. நீளமா ஒரு கம்ப எடுத்துக்கிட்டு ஓடியாந்து, குழியில ஊனுவா. கம்பு வில்லு மாதிரி வளையும். அப்புறம் நிமுரும் பாருங்க, அந்த நிமுரலோட இவளும் மேல போயி, குறுக்க வெச்ச கம்பியத் தாண்டிருவா.

அவளுக்கு ஒரு மாஸ்டரு, லூர்துராஜுன்னு. நல்ல மனுசந்தான், இல்லைங்கல. ஆனா சிரிக்கவே தெரியாது. ஒரு விழாவுக்குக் கூப்புட்டா வரமாட்டான், வந்தாலும் மேடையேற மாட்டான், ஏத்தி உட்டாலும் துண்டு போட்டுக்க மாட்டான். எந்நேரமும் அந்தப் புள்ளயோட கால் எங்க வெக்குது, கை எங்க புடிக்குதுன்னு இதே ரோசனை. கலியாணங் கூடப் பண்ணிக்கல. பொழைக்கத் தெரியாதவன்.

போன வருசம் பாங்காக்குல ஒரு போட்டி வந்துச்சுங்க. அதுல நாலு மீட்டர் பத்து சென்டி தாண்டிட்டாப் போதும், ஆசியப் போட்டிக்கு எடம் உறுதி. நாலு பத்து. எங்க ஊரு கிரவுண்டுல அந்தப் புள்ள அதத் தாண்டியிருக்குதுங்க, ஒருக்கா இல்ல, பல தடவை. எங்க ஊருக்காரங்க ஆசியப் போட்டிக்குப் போனதா சரித்திரமே கெடையாது. அவங்கம்மா ஈஸ்வரன் கோயிலுக்குத் தெனமும் நெய் வெளக்குப் போட்டுது. எனக்கும் தூக்கமில்லீங்க. நம்ம பந்தலு நெழல்ல வளந்த புள்ளயல்ல!

ரெண்டு பேரு போலாம்னு அனுமதி வந்துச்சு. ஒருத்தர் வெளையாடறவங்க, ஒருத்தர் கூடப் போறவங்க. லூர்துராஜு பொட்டியே கட்டிட்டான். நாந்தான் தனியாக் கூப்புட்டு வெவரமாச் சொன்னேன். "மாஸ்டர், வெளிநாடு. பாஷை தெரியாத ஊரு. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா ஒரு பொறுப்பான ஆளு கூட வேணும். செயலாளரு போறதுதான் மொறை. சொல்லித்தர வேண்டியதெல்லாம் இங்கயே சொல்லித்தந்தாச்சு. தாண்டப் போறது அவ. அங்க வந்து நீங்க என்ன, கூடவா தாண்டப் போறீங்க?"ன்னேன். என்னைய ஒருக்கா ஏற எறங்கப் பாத்தான். அப்புறம் போயிட்டான். நாயம் எடுபட்டுருச்சுன்னு நெனச்சுக்கிட்டேன்.

சரி, புள்ள கெளம்பப் போவுது. சும்மா அனுப்ப முடியுங்களா? ஊரு கூடித்தான தேர் இழுக்கணும்? பஸ் ஸ்டாண்டு முக்குல ஒரு வழியனுப்பு விழா போட்டேன் பாருங்க, இன்னைக்கும் பேசறாங்க. செண்டை மேளம், பொய்க்கால் குதிரை, வாழைமரம், ஒண்ணு பாக்கியில்ல. லூர்துராஜு மட்டும் வந்து, "நாளைக்குக் கெளம்பணும், இன்னைக்கு அவ படுத்திருக்கோணும், வெயில்ல நிக்கக்கூடாது"ன்னு மொனகுனான். மூணு மணிக்கு வெயிலு வராம நெலாவா வரும்? தலைவரு வரக் கொஞ்சம் லேட்டாயிருச்சு, பொழுது எறங்கிருச்சு. அது வரைக்கும் அந்தப் புள்ள பட்டுச்சீலையில நின்னுக்கிட்டே இருந்துச்சு. ஒக்காருன்னு யாரும் சொல்லலைங்க, விழா நாயகி எப்படி ஒக்காருவா? வந்தவங்கெல்லாம் ஆளுக்கொரு பொன்னாடை. கடைசியில கண்ணு மட்டுந்தான் வெளிய தெரிஞ்சுது. எனக்குன்னாப் பெருமை தாங்கல.

அந்த மேடைக்கு நான் ஒரு ஐடியாப் பண்ணியிருந்தேன். கேட்டா நீங்களே கை தட்டுவீங்க. பெரிய பேனரு ஒண்ணு, இந்தப் பக்கம் சங்கவி, அந்தப் பக்கம் தலைவரு, நடுவுல பறக்கற கழுகு. அத எதுல கட்டறது? எங்கிட்டக் கம்புக்கா பஞ்சம்? ஆனா மனசுக்குள்ள பளிச்சுனு தோணுச்சு. அந்தப் புள்ளயோட கம்பு ரெண்டு, உறை போட்டு சங்க ஆபீசுலதான இருக்குது! அந்தப் புள்ளயோட கம்புலயே அந்தப் புள்ளயோட பேனரு! எவனுக்குங்க தோணும்?

அன்னைக்குக் காத்து எச்சா அடிச்சுது. பேனரு அப்படியே படகுப் பாய் மாதிரி உப்புது, கயித்துல கட்டுனா வழுக்கி வழுக்கி எறங்குது. கம்பு அத்தன வழவழப்பு. பந்தல் தொழில்ல இதுக்கு ஒரே வழிதாங்க, கம்புல ஓட்டையப் போட்டுக் கட்டுக்கம்பிய உட்டு முறுக்கறது. ஆளுங்களை நம்பல. புள்ளயோட கம்பாச்சேன்னு நானே டிரில்லிங் மெசினப் புடிச்சு, கம்புக்கு ரெண்டே ரெண்டு ஓட்டை, பூப் போல போட்டேன். விழா முடிஞ்சதும் அதச் சும்மா உட்டனுங்களா? ஓட்டையப் பசை வெச்சு அடச்சு, உப்புத்தாள் போட்டுத் தேச்சு, அதே கலர்ல பெயிண்டும் அடிச்சு உறையில போட்டு வெச்சேன். யாருக்கும் தெரியாது. புள்ள மனசு எதுக்கு வெசனப்படோணும்?

ம்? ஓட்டை போட்டா என்ன ஆகும்னு எனக்கு எப்படீங்க தெரியும்? நான் என்ன கம்புக் கம்பெனியா வெச்சிருக்கறேன்? எங்கிட்ட இருக்கற கம்பு ஒவ்வொண்ணுலயும் பத்து ஓட்டை இருக்குது, இன்னி வரைக்கும் ஒரு பந்தல் விழுந்ததில்ல.

பாங்காக்கு போய்ச் சேந்தோம். போட்டியன்னைக்குக் காலையில கிரவுண்டுல உறையப் பிரிச்சா. எப்பவுமே கம்ப அடியிலிருந்து நுனி வரைக்கும் கையால தடவிப் பாப்பாளாம், மாட்டுச் சந்தையில சுழி பாக்கற மாதிரி. தடவிக்கிட்டே வந்தவ ஒரு எடத்துல நின்னுட்டா. நகத்தால சொரண்டுனா. இன்னொரு கம்ப எடுத்தா. அதுலயும் சொரண்டுனா. மூஞ்சி வெளுத்துப்போச்சுங்க. "சார், இது என்னங் சார்?"ன்னா.

நான் மறைக்கலீங்க. "அது ஒண்ணுமில்ல அம்மிணி, பேனருக்காகப் போட்டது, நல்லா அடச்சாச்சு, நீ தைரியமாத் தாண்டு"ன்னேன். அப்படியே தரையில ஒக்காந்துட்டா. போன்ல லூர்துராஜக் கூப்புட்டு அழுதுக்கிட்டே சொன்னா. அவன் அங்கிருந்து கத்துன கத்துக்குப் போனே தேவையில்ல, எங்க ஊருல இருந்து நேராவே கேட்டுருக்கும். வளையறப்ப ஓட்டை இருக்கற எடத்துல கம்பு ஒடஞ்சு சில்லு சில்லாப் போயிருமாம், வயித்துல குத்துனா ஆளே காலியாம், அந்தக் கம்பத் தொடவே கூடாதாம். நான் போன வாங்கி, "ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம். இத்தன சாங்கியம் பாத்தா மெடலு எங்கிருந்துங்க வரும்?"னேன். பட்டுனு கட் பண்ணிட்டான்.

அப்புறம் அந்தப் புள்ள பண்ணுன காரியம்தான் எனக்குப் பெரிய தலக்குனிவாப் போச்சு. கண்ணத் தொடச்சுக்கிட்டு எந்திரிச்சு, போட்டிக்கு வந்திருந்த மத்த புள்ளைககிட்டப் போயி, கைச்சாடையில, ஒரு கம்பு குடுங்கன்னு கேட்டுக்கிட்டுத் திரியறா! தேசத்துச் சட்டையப் போட்டுக்கிட்டு எரவல் கேக்கலாமுங்களா? எங்கிட்டச் சொல்லியிருந்தா அங்கயே நல்ல மூங்கிலு ஒண்ணு பாத்துக் குடுத்திருப்பேன். ஒருத்தி ஆளு நெட்டையா ஒரு ஜப்பான்காரி, அவகிட்டப் பன்னெண்டு கம்பு இருந்துச்சுங்க. ஒருத்திக்கு எதுக்குங்க பன்னெண்டு? காத்துக்கு ஒண்ணு, மழைக்கு ஒண்ணாம்! அவ எல்லாத்தையும் பரப்பிப் போட்டு, நீயே பாத்து எடுத்துக்கன்னுட்டா. அத்தனையும் இவளுக்கு வெறப்பான கம்பாம். அதுலயே கொஞ்சம் எளக்கமானதா ஒண்ண எடுத்துக்கிட்டா.

புதுக் கம்பு, முன்னப் பின்ன புடிச்சுப் பழக்கமில்ல. இருந்தாலும் மூணு எண்பது தாண்டுனாளுங்க! நான் எந்திரிச்சு நின்னு விசிலடிச்சேன். நாலு மீட்டர் வெச்சாங்க. அதையும் தாண்டிட்டா! பக்கத்துல இருந்த தாய்லாந்துக்காரனக் கட்டிப் புடிச்சுக்கிட்டேன். அவன் பயந்துட்டான். அடுத்து நாலு பத்து. அதான், அதேதான். மூணு தடவை முயற்சி பண்ணலாம். மொத தடவை மேல போனவ கம்பிகிட்டயே போகாமக் கீழ எறங்கிட்டா. ரெண்டாந் தடவையும் அப்படித்தான்.

இங்க ஒரு வெவரம் சொல்லோணும். போட்டி ஆரம்பிச்சுட்டா வெளையாடறவங்க உள்ள போன் வெச்சுக்கக் கூடாது. மாஸ்டருங்கெல்லாம் வெளிய கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நிப்பாங்க, புள்ளைக ஒவ்வொரு தடவையும் வந்து கேட்டுக்கிட்டுப் போகும். இவளுக்கு நாந்தான நிக்கறேன்? நல்ல மனசோட எம் போன்லயே லூர்துராஜ வீடியோவுல கூப்புட்டுக் காமிச்சுக்கிட்டு இருந்தேன். பாருங்க, அவ்வளவு பேசுனவனுக்கும் நான் ஒதவி பண்ணுனேன். ரெண்டாவதும் போனதும் இந்தப் புள்ள தடுப்புக்கிட்ட ஓடியாந்து, "மாஸ்டர், என்ன தப்பு?"ன்னு கேட்டா. அவன் "இரு கண்ணு, பதிவு பண்ணுனதத் திரும்பப் போட்டுப் பாத்துட்டுச் சொல்றேன்"னான். அவளும் அங்கயே நகத்தக் கடிச்சுக்கிட்டு நின்னா. அவ பேர மைக்குல கூப்புட்டுட்டாங்க. கூப்புட்டா ஒரு நிமிசந்தான் கெடு, அதுக்குள்ள ஓடியாகணும். அப்பத்தான் லூர்துராஜு கத்துனான், "கண்டுபுடிச்சுட்டேன்! சார், அவகிட்டப் போனக் குடுங்க, கண்டுபுடிச்சுட்டேன்!"

அந்த நேரம் பாத்துத் தலைவரு லைன்ல வந்துட்டாருங்க.

நீங்களே சொல்லுங்க, நான் என்ன பண்றது? தலைவரு கூப்புடறாரு. மில்லுல ஆயிரம் சோலிய உட்டுப்போட்டு, நம்ம புள்ள ஞாபகமாக் கூப்புடறாரு. அத எடுக்காம, சம்பளத்துக்கு வேலை பாக்கற ஒரு மாஸ்டரு பேச்சக் கேட்டுக்கிட்டு இருக்க முடியுங்களா? மொறைன்னு ஒண்ணு இருக்குதல்லங்க? லூர்துராஜக் கட் பண்ணிட்டுத் தலைவர எடுத்தேன். "அய்யா, சரியான நேரத்துல வந்தீங்க, புள்ள இதா பக்கத்துலதான் நிக்குது, ரெண்டு வார்த்தை வாழ்த்திருங்க"ன்னு ஸ்பீக்கர்ல போட்டு அவ மொகத்துக்கு நேரா நீட்டுனேன். தலைவரு ஆரம்பிச்சாருங்க. "வீரத் தமிழ் மகளே"ன்னு ஆரம்பிச்சாரு. சங்கத்தோட வரலாறச் சொன்னாரு. அவரு இஸ்கூல்ல சாக்கு ஓட்டத்துல ரெண்டாவது வந்ததச் சொன்னாரு. இவ, "சார், மாஸ்டரு, மாஸ்டரு"ங்கறா. நான் வாயில வெரல வெச்சு, உஸ்ஸுன்னேன். பெரியவங்க பேசறப்ப குறுக்க பேசலாமுங்களா? அவ நிமிசம் ஓடற கடிகாரத்தப் பாக்கறா, என்னையப் பாக்கறா. கண்ணு ரெண்டுலயும் தண்ணி முட்டி நிக்குது. தலைவரு பேச்சுல உருகிட்டான்னு நெனச்சேன். அப்புறம் திடீர்னு திரும்பி ஓடிட்டா.

தாண்டுனாளான்னா கேக்கறீங்க? நான் பாக்கலீங்க. தலைவரு முக்கியமான கட்டத்துல இருந்தாரு, ஆமாங்கய்யா, ஆமாங்கய்யான்னு போனையே பாத்துக்கிட்டு இருந்தேன். கம்பி விழுந்த சத்தந்தான் கேட்டுது. கூட்டமே 'ஐயோ'ன்னுச்சு. அந்த 'ஐயோ' எல்லா பாஷையிலயும் ஒரே மாதிரிதாங்க இருக்குது.

கைய ரெண்டு வெரக்கடை கீழ எறக்கிப் புடிச்சிருந்தாப் போதுமாம். லூர்துராஜு கண்டுபுடிச்சது அதானாம். ரெண்டு வெரக்கடை! இதுக்கா அத்தன கூப்பாடு? நான் கூட என்னவோ ஏதோன்னு நெனச்சுட்டேன்.

தாண்டி விழற மெத்தையில ரொம்ப நேரம் மல்லாந்து படுத்துக் கெடந்தா. அப்புறம் எந்திரிச்சு, ஜப்பான்காரி கம்ப ஒரு துண்டால தொடச்சு, ரெண்டு கையாலயும் குடுத்தா. அந்தப் பொண்ணு இவளக் கட்டிக்கிட்டு அழுவுது, இவ அழுவல. நேரா எங்கிட்ட வந்தா. நானே எதாச்சும் திட்டுவாளோன்னு கொஞ்சம் பயந்துதான் நின்னேன். அவ மெதுவா, "சார், தலைவரு பேசி முடிச்சுட்டாருங்களா?"ன்னு கேட்டா.

பாருங்க, தோத்த நேரத்துலயும் பெரியவங்க மேல அத்தன மரியாதை! எனக்கே கண்ணு கலங்கிருச்சு. "இன்னும் இல்ல கண்ணு, லைன்லதான் இருக்காரு"ன்னு போனக் குடுத்தேன். வாங்கலீங்க. போயிட்டா.

அப்படிப்பட்ட புள்ள ஊருக்கு வந்ததும் என்ன பண்ணுச்சு தெரியுங்களா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம, மாஸ்டரும் அவளுமா மெட்ராசுல ஏதோ கிளப்புல போயிச் சேந்துட்டாங்க. போன் பண்ணுனா எடுக்கறதில்ல. விழாவுக்குக் கூப்புட்டாப் பதில் இல்ல. எனக்குப் பொக்குனு போச்சுங்க. அதான் மொதல்லயே சொன்னேன், நன்றி இல்லைன்னு. எஞ் சொந்த மகளுக்குக் கூட நான் அப்படி ஒரு பேனரு போட்டதில்லீங்க.

ஆனா பெத்த மனசு மாதிரிங்க நம்ம மனசு. கோவம் நிக்குதுங்களா? இன்னைக்கு மலேசியாவுக்குப் போறாளாம், அதே நாலு பத்துக்கு. இந்த வருசத்துக்கு இதான் கடைசி வாய்ப்பாம். அவங்கம்மா எங்க வீட்டுப் பொம்பளைகிட்ட வாய் தவறிச் சொல்லிருச்சு. யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு சத்தியம் வேற வாங்கியிருக்குது, பாவம், கண்ணுபட்டுரும்னு பயம் போல. கேள்விப்பட்டதுல இருந்து எனக்கு இருப்புக் கொள்ளல. நம்ம புள்ள அனாதையாட்டம் அங்க தனியாக் கெளம்பலாமுங்களா?

அதாங்க இப்பப் போயிட்டு இருக்கறேன். இல்லீங்க, அவளுக்குத் தெரியாது. திடீர்னு போயி நின்னாத்தான சந்தோசம்? மெட்ராஸ் ஏர்போர்ட்டுக்கு வெளிய ஒரு சின்ன மேடை, சின்னதுதாங்க, நம்ம ஆளுங்க டெம்போவுல விடியாலயே போயாச்சு. ராத்திரி எட்டு மணிக்கு பிளைட்டு. சாயங்காலம் அஞ்சு மணிக்கே வாசல்ல வழி மறிச்சு நின்னுக்குவோம். போன தடவை போன்ல பேசுனது தலைவருக்குத் திருப்தியே இல்லையாம், சொல்ல வேண்டியதுல பாதி நின்னுபோச்சாம். நேர்லயே வர்றேன்னுட்டாரு. அடுத்த பொட்டியில ஏசியிலதான் படுத்திருக்காரு. பாவம், வயசான காலத்துல எம்புட்டுத் தூரம்! அவரு முழுசாப் பேசி முடிக்காம புள்ளய உள்ள உட்டுருவமா என்ன?